இங்கிலாந்தில் பிள்ளைகள் ஏன் வளர்ப்புப் பராமரிப்புக்குப் போகிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “இலண்டனில் சோஷல் சேர்விஸ்காரர்கள் சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முன்பின் தெரியாத குடும்பங்களில் விட்டுவிடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையில் என்ன காரணத்துக்காகப் பிள்ளைகள் ஃபொஸ்டர் கெயருக்குப் போகிறார்கள்?”

கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விருந்திலும் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையையும் கூடவே கொண்டுவருவார்கள். அந்தக் கதையில் பிள்ளையை ஒரு அடி அடித்திருப்பார்கள், மறுநாளே பிள்ளை போயிருக்கும். சிறுவர் பாதுகாப்புக் கூட்டங்களிலும் குடும்ப நீதிமன்றங்களிலும் பல ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருப்பவன் என்ற முறையில், அந்தக் கதைகளில் சொல்லப்படாமல் விடுபடும் பகுதிதான் பெரிது என்று எனக்குத் தெரியும். அங்கே கேட்டவற்றை வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே எந்தக் குடும்பத்தையும் பற்றி எழுதாமல், சட்டத்தையும் பொதுவில் நிகழ்வதையும் வைத்தே விடையளிக்கிறேன். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளதால் இங்கே நான் பேசுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டுமே.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் 83,630 பிள்ளைகள் உள்ளூராட்சி மன்றங்களின், அதாவது நாம் கவுன்சில் என்று சொல்பவற்றின், பொறுப்பில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தார்கள்; மற்றவர்கள் சிறுவர் இல்லங்களிலும், பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கான தங்குமிடங்களிலும், சிலர் கவுன்சிலின் மேற்பார்வையோடு சொந்தப் பெற்றோரிடமும் இருந்தார்கள். ஓராண்டில் கவுன்சில்களுக்குப் பாடசாலைகள், பொலிஸ், மருத்துவர்கள், அயலவர்கள் ஆகியோரிடமிருந்து பிள்ளைகளைப் பற்றி வரும் தகவல்களின் எண்ணிக்கை ஆறு இலட்சத்தைத் தாண்டும். அதே ஓராண்டில் பராமரிப்புக்குள் புதிதாக வரும் பிள்ளைகள் 33,000 அளவில்தான். பாடசாலை ஒரு தகவல் அனுப்பிவிட்டால் பிள்ளை போய்விட்டது என்று நினைத்துப் பதறும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த இரண்டு எண்களையும்தான்.

பிள்ளை பராமரிப்புக்குள் வருவதற்கு 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இரண்டு முதன்மையான வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு: பெற்றோர் தாமாக இணங்கிப் பிள்ளையைக் கவுன்சிலிடம் ஒப்படைப்பது. இதில் பெற்றோரின் உரிமை எதுவும் கவுன்சிலுக்கு மாறுவதில்லை. பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மற்றது 31ஆம் பிரிவு: கவுன்சில் நீதிமன்றம் சென்று பராமரிப்பு ஆணை பெறுவது. அப்போதும் பெற்றோர் பெற்றோராகவே இருக்கிறார்கள், ஆனால் கவுன்சிலும் அந்தப் பொறுப்பில் பங்காளியாகி, பிள்ளை எங்கே வாழ்வது என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தைப் பெறுகிறது. இன்று பராமரிப்பிலுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நீதிமன்ற ஆணையின் கீழ்தான் இருக்கிறார்கள். உடனடியாகப் பாரதூரமான தீங்கு நேரக்கூடும் என்ற நிலையில் பொலிஸார் ஒரு பிள்ளையை 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைத்திருக்கலாம். நீதிமன்றம் எட்டு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கி, அதை மேலும் ஏழு நாள்கள் நீட்டலாம். “இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்” என்ற கதைகள் பெரும்பாலும் இந்த அவசர அதிகாரங்களைப் பற்றியவை. அவற்றுக்குப் பிறகும் முறையான வழக்கு நடந்தே தீர வேண்டும்.

பராமரிப்பு ஆணை வழங்க நீதிபதி கேட்க வேண்டிய கேள்வியைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பிள்ளை பாரதூரமான தீங்குக்கு உள்ளாகிறதா, அல்லது உள்ளாகக்கூடிய நிலையில் இருக்கிறதா? அப்படியானால் அது, ஒரு பெற்றோரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பராமரிப்புக் கிடைக்காததால் நேர்ந்ததா, அல்லது பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறிப் போனதால் நேர்ந்ததா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால்கூட ஆணை தானாக வந்துவிடுவதில்லை. அந்த ஆணையால் பிள்ளைக்கு நன்மை உண்டா என்ற இரண்டாவது கேள்வி எஞ்சியிருக்கிறது. 2006இல் நீதிபதி ஹெட்லி அளித்த ஒரு தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். விசித்திரமான வளர்ப்பு முறை, ஒருவாறு போதுமான வளர்ப்பு, இன்று ஒருவிதமும் நாளை ஒருவிதமுமான வளர்ப்பு ஆகிய எல்லாவற்றையும் சமூகம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், குறையில்லாத பெற்றோரை உருவாக்குவது அரசின் வேலையன்று என்பது அதன் சாரம். கையால் சோறு ஊட்டுவதோ, பிள்ளையைத் தம்முடன் படுக்கவைப்பதோ, படிப்பில் கெடுபிடியாக இருப்பதோ பிள்ளையை எடுப்பதற்குக் காரணமாகாது. பெருகிவரும் வதந்திகளுக்கு நடுவில் இதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முதன்மைக் காரணத்தைக் கவுன்சில் பதிவுசெய்ய வேண்டும். வன்முறை அல்லது கவனிப்பின்மை, குடும்பச் சீர்குலைவு, தாங்கமுடியாத நெருக்கடி, பெற்றோரின் நோய் அல்லது இயலாமை, பிள்ளையின் இயலாமை, பெற்றோர் இல்லாமை, சமூகம் ஏற்காத நடத்தை, குறைந்த வருமானம் என்று அந்தப் பட்டியல் போகிறது. இவற்றுள் முதலாவதுக்குள் மட்டும் மூன்றில் இரண்டு பங்கினர் அடங்குகிறார்கள். “வன்முறை அல்லது கவனிப்பின்மை” என்று ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் அடைத்திருப்பதால், அந்தப் பிள்ளைகள் அனைவரும் அடிபட்டவர்கள் என்று வாசிப்பவர் எண்ணிவிடுகிறார். உண்மையில், சிறுவர் பாதுகாப்புத் திட்டத்தின் (தீங்கு நேரக்கூடிய பிள்ளையைக் கவுன்சில் கண்காணிக்கும் திட்டம்) கீழ் கொண்டுவரப்படும் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதிகமாகக் காணப்படும் காரணம் கவனிப்பின்மைதான். அடுத்து வருவது மனத்துக்கு இழைக்கப்படும் தீங்கு. உடலில் காயப்படுத்துவதும் பாலியல் வன்முறையும் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

இந்தக் கவனிப்பின்மை என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கூட்டங்களில் “நெக்லெக்ட்” என்று சொல்லும்போது, தொடக்க காலத்தில் நான் அதை அகராதிப்படி “புறக்கணிப்பு” என்றே மொழிபெயர்த்தேன். அதைக் கேட்ட தாய்மார் கொதித்தார்கள். புறக்கணிப்பது என்றால் வேண்டுமென்றே ஒதுக்குவது, வேண்டாம் என்று தள்ளுவது. தன் பிள்ளையைத் தான் வேண்டாம் என்று தள்ளியதாக வெள்ளைக்காரி ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்றுதான் அந்தத் தாய் எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் எதுவும் அவள் காதில் ஏறாது. சட்டம் சொல்வதோ வேறு. பிள்ளைக்குத் தேவையானது தொடர்ந்து கிடைக்காமல் போனால், பெற்றோர் அதை மனதார விரும்பினார்களா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், அது அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். பின்னர் “கவனிப்பின்மை” என்று சொல்லத் தொடங்கினேன். கோபம் முழுவதும் தணிந்ததில்லை, ஆனாலும் பேச்சு தொடர்ந்தது.

கவனிப்பின்மை ஒரு நாளில் நிகழ்வதன்று. கோப்பில் சிறிது சிறிதாகச் சேர்வது. பிள்ளை வாரத்தில் மூன்று நாள்தான் பாடசாலைக்கு வருகிறது; வரும் நாளிலும் பசியோடு வருகிறது. பல் சொத்தையாகி, வைத்தியரிடம் எடுத்துக்கொடுத்த நேரம் நான்கு முறை தவறிப்போகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் எடை ஏறவில்லை என்று ஹெல்த் விசிட்டர், அதாவது சிறு குழந்தைகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, எழுதுகிறார். வீட்டுக்குப் போன சமூகப் பணியாளர், சமையலறைத் தரையில் சிதறிக் கிடக்கும் பழைய உணவையும், படுக்கையில் விரிப்பு இல்லாததையும் குறித்துக்கொள்கிறார். தனித்தனியே எடுத்தால் இவற்றில் எதுவும் நீதிமன்றம் போகாது. இரண்டு ஆண்டுகளாக இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து, உதவி கொடுத்தும் மாறாமல், பிள்ளையின் வளர்ச்சியே தடைப்படுவதாகக் குழந்தை மருத்துவர் எழுதிக்கொடுக்கும் நிலை வரும்போதுதான் வழக்கு உருவாகிறது. நம்மவர் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு சிக்கல், பிள்ளைகளைத் தனியே விடுவது. தந்தை பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. தாய் விடியற்காலையில் துப்புரவு வேலை. இடைப்பட்ட நேரத்தில் ஒன்பது வயது அக்காவே மூன்று வயதுத் தம்பிக்குக் காவல். ஊரில் பக்கத்து வீட்டு அம்மம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இங்கே பக்கத்து வீட்டாரின் பெயரே தெரியாது. எந்த வயதுப் பிள்ளையைத் தனியே விடலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் ஒரு வயதெல்லையைக் குறிப்பிடவில்லை, ஆனால் ஆபத்து நேரும்படி விடுவது குற்றம். ஒருமுறை நிகழ்ந்ததற்காகப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்றாலும், எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் அது கோப்பில் ஏறும்.

அடிப்பதைப் பற்றிய விளக்கம் இவ்வளவு நீளாது. ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் பிள்ளைகளை அடிப்பதை முற்றாகத் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்தில் “நியாயமான தண்டனை” என்ற பழைய எதிர்வாதம் இன்னும் மிச்சமிருக்கிறது, ஆனால் உடலில் காயம் உண்டாக்கும் தாக்குதலுக்கு அது செல்லாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பிட்டிருக்கிறது. பிரம்பாலோ இடுப்புப் பட்டியாலோ அடித்த தழும்பு பாடசாலையில் தெரிந்தால் விசாரணை நிச்சயம், பொலிஸாரும் வருவார்கள். ஆனாலும் அந்த விசாரணைகளில் மிகப் பெரும்பாலானவை பிள்ளை வீட்டிலேயே இருக்கும் நிலையில்தான் முடிகின்றன. ஒரு அடிக்காக எடுத்தார்கள் என்று சொல்லப்படும் குடும்பத்தில், அந்த அடிக்கு முன்பே பல பக்கங்கள் எழுதப்பட்டிருந்திருக்கும். கைக்குழந்தைக்கு எலும்பு முறிந்து, அது எப்படி நேர்ந்தது என்று பெற்றோரால் விளக்க முடியாமல் போவது இதற்கு விதிவிலக்கு. அப்போது மருத்துவமனையிலிருந்து குழந்தை நேராக வேறொரு வீட்டுக்குப் போகக்கூடும்.

நம் சமூகத்தில் அதிகம் விளங்கிக்கொள்ளப்படாத காரணம் எதுவென்று கேட்டால், கணவன் மனைவியை அடிப்பது என்பேன். “பிள்ளையின் மேல் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை” என்ற வாக்கியத்தை எத்தனை முறை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. சொல்பவர் அதைப் பாதுகாப்பு அரண் போலச் சொல்வார். ஆனால், மற்றொருவர் துன்புறுத்தப்படுவதைக் கண்டும் கேட்டும் பிள்ளைக்கு நேரும் பாதிப்பும் தீங்கே என்று 2002ஆம் ஆண்டின் சட்டம் 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் ஒரு படி போய், அவ்வாறான வீட்டில் வாழும் பிள்ளையையும் வன்முறைக்கு ஆளானவராகவே கருதுகிறது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளை, அம்மா சுவரில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது என்பதே சட்டத்துக்குப் போதுமான தொடக்கம். இங்கே ஒரு கொடுமையும் நடக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கணவனை விட்டுப் பிரிந்தால் விசா போய்விடும், கையில் காசில்லை, ஊரில் பெற்றோருக்குத் தலைகுனிவு என்று அஞ்சி அந்த வீட்டிலேயே இருந்துவிடும் பெண்ணைப் பார்த்து, “நீ பிள்ளையைப் பாதுகாக்கத் தவறினாய்” என்று அறிக்கை எழுதப்படுகிறது. அடித்தவன் கூட்டத்துக்கே வராமல் இருக்க, அடிபட்டவள் விடை சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த அறிக்கைகளின் நடை சில வேளைகளில் நியாயமற்றது என்பது என் கருத்து. பிள்ளைக்கு நேரும் பாதிப்பு மெய்யென்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

குடும்ப வன்முறை, மது அல்லது போதைப் பழக்கம், பெற்றோரின் மனநோய் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கூட்டாகவே வருகின்றன. ஒன்று மட்டும் இருக்கும் வீடு எப்படியாவது தாக்குப்பிடிக்கும். மூன்றும் சேர்ந்த வீட்டில் பிள்ளையைக் காலையில் எழுப்பக்கூட ஆளிருக்காது. போர்க்காலத்தில் வதைபட்டு வந்த ஒரு தந்தை உறக்கம் வராமல் குடிக்கத் தொடங்கியிருப்பார். அகதி விண்ணப்பம் இழுபட்ட ஆண்டுகளில் வேலை செய்யவும் அனுமதி இருந்திருக்காது. அவருக்குத் தேவைப்பட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போயிருக்கும். இத்தகைய பெற்றோருக்குத் தண்டனை அச்சுறுத்தலுக்குப் பதிலாக சிகிச்சையும் ஒரே நீதிபதியின் கண்காணிப்பும் கொடுத்துப் பார்க்கும் மது மற்றும் போதைக் குடும்ப நீதிமன்றம் ஒன்று 2008இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. அது நல்ல பலன் தந்தும் நாடெங்கும் பரவவில்லை. பிறந்த சில நாள்களிலேயே எடுக்கப்படும் குழந்தைகளின் கதை இன்னும் துயரமானது. முன்னைய பிள்ளைகளை இழந்த ஒரு தாய் மீண்டும் கருவுறும்போது, குழந்தை பிறக்கும் முன்பே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. இப்படி வழக்கில் பிள்ளையை இழக்கும் தாய்மாரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏழு ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே நீதிமன்றத்துக்கு வருகிறார் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் தாமே பராமரிப்பில் வளர்ந்தவர்கள்.

வறுமைக்கு வருவோம். மேலே சொன்ன பட்டியலில் “குறைந்த வருமானம்” என்ற கட்டத்துக்குள் வரும் பிள்ளைகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதைக் காட்டி, இங்கே ஏழ்மைக்காக யாரும் பிள்ளையை எடுப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். சட்டப்படி அது சரிதான். ஒரு காலத்தில் அப்படியிருக்கவில்லை. ஏழைகள் சட்டத்தின் கீழ் வறுமையே பிள்ளை அரசின் பொறுப்புக்கு வரப் போதுமான காரணமாக இருந்தது. 1945இல் டெனிஸ் ஓ’நீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், தான் ஒப்படைக்கப்பட்டிருந்த ஷ்ரொப்ஷயர் பண்ணை வீட்டிலேயே பட்டினியாலும் அடியாலும் இறந்த பிறகு எழுந்த கொந்தளிப்புக்கிடையே, பெற்றோரிடமிருந்து பிரிந்து வளரும் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த கேர்ட்டிஸ் குழுவின் அறிக்கையும், தொடர்ந்து 1948ஆம் ஆண்டின் சிறுவர் சட்டமும் வந்தன; அந்த ஆண்டில்தான் ஏழைகள் சட்டமும் ஒழிந்தது. ஆனால் இன்றைய நிலையை வேறொரு கணக்கால் பார்க்க வேண்டும்: இங்கிலாந்தின் மிக வறிய பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் வாழும் பிள்ளை பராமரிப்புக்குள் போகும் வாய்ப்பு, மிக வசதியான பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் உள்ள பிள்ளைக்கு இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்று பேராசிரியர் போல் பைவோட்டர்ஸ் தலைமையிலான ஆய்வு கண்டது. வசதியுள்ள வீட்டிலும் தாய்க்கு மனச்சோர்வு வரும். அங்கே ஒரு ஆயாவை வைத்துக்கொள்வார்கள், தனியார் மருத்துவரிடம் போவார்கள். ஒரே அறையில் ஐந்து பேர், பூஞ்சணம் பிடித்த சுவர், அரசின் பொது நிதியிலிருந்து உதவி பெற முடியாத விசா என்றிருக்கும் வீட்டில் அதே மனச்சோர்வு பிள்ளைக்கு உணவில்லாத நாள்களாக மாறுகிறது. வறுமை அந்தக் கட்டத்துக்குள் பதியப்படாமல், மற்றெல்லாக் கட்டங்களுக்குள்ளும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

யாருடைய தவறும் இல்லாமல் வரும் பிள்ளைகளும் உண்டு. தனியாக வளர்க்கும் தாய் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட, வேறு உறவினர் நாட்டிலேயே இல்லாமல் போகலாம். கடும் இயலாமையுள்ள பிள்ளையை இரவு பகலாகத் தூக்கிச் சுமந்த பெற்றோரின் முதுகும் மனமும் ஒடிந்துபோகலாம். இவர்கள் பெரும்பாலும் 20ஆம் பிரிவின் கீழ், சில வாரங்களுக்கு மட்டும் வருவார்கள். பெற்றோர் இருவரும் இறந்ததால் வரும் பிள்ளைகள் மிகக் குறைவு. “அநாதைப் பிள்ளைகள்” என்று நம்மவர் இவர்களைக் குறிப்பிடுவது அதனால் முற்றிலும் பொருந்தாது. பராமரிப்பிலுள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குப் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஒரு தாயோ தந்தையோ இருக்கிறார்.

பதின்ம வயதினர் வரும் வழி வேறு. இன்று பராமரிப்பில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பதினாறு வயதைத் தாண்டியவர். வீட்டுக்குள் நடக்கும் தீங்குக்கு மேலாக, வீட்டுக்கு வெளியே இருந்து வரும் தீங்கே இவர்களில் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிறது: நகரத்துப் போதைப்பொருள் கும்பல்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களிடம் புதிய கைப்பேசியும் சப்பாத்தும் கொடுத்து, சிறு ஊர்களுக்குப் பொருள் கடத்த அனுப்புகின்றன, பையன் நாட்கணக்கில் காணாமல் போகிறான், பெற்றோர் தாமே பொலிஸுக்குப் போகிறார்கள். அவனை அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து அகற்றுவதற்காகவே தொலைவான ஊரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தைத் தேடுவார்கள். இன்னொரு வகை, வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் பிள்ளைகள். காதல், உடை, கைப்பேசி என்று எழும் சண்டை முற்றி “இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே” என்று தந்தை சொல்லிவிடுகிறார். அவர் கோபத்தில் சொன்னதாக நினைப்பார்; அன்றிரவு நண்பியின் வீட்டில் படுத்த பதினாறு வயதுப் பெண் மறுநாள் கவுன்சிலுக்குப் போனால், அவளை வெறும் வீடற்றவளாகக் கருதி விடுதிக்கு அனுப்பிவிடாமல், 20ஆம் பிரிவின் கீழ் சிறுவராகவே பொறுப்பேற்க வேண்டும் என்று இலண்டனின் சதர்க் கவுன்சில் தொடர்பான வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது. விருப்பமில்லாத திருமணத்துக்கு ஊருக்கு அழைத்துச் செல்லப்படுவோம் என்ற அச்சத்தில் வரும் பெண்பிள்ளைகளும் இந்த வகையினரே.

பெற்றோர் துணையின்றி அடைக்கலம் தேடி வரும் சிறுவர்களையும் சேர்க்க வேண்டும். 2024 மார்ச்சில் இவர்கள் 7,380 பேர்; மிகப் பெரும்பாலானோர் ஆண்பிள்ளைகள், பதினாறு பதினேழு வயதினர். போர் நடந்த ஆண்டுகளில், இயக்கத்தில் சேர்க்கப்படுவதற்கும் இராணுவத்திடம் அகப்படுவதற்கும் அஞ்சித் தாய்மார் நகைகளை விற்று அனுப்பிவைத்த தமிழ்ப் பையன்கள் பலர் ஹீத்ரோவில் இறங்கி இதே வழியால்தான் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இன்று இலண்டனில் கடை வைத்திருக்கும் நடுத்தர வயதினர் சிலர், தமக்கு முதன்முதலில் உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்த அந்த வளர்ப்புத் தாயை நன்றியோடு நினைவுகூர்வார்கள். இப்போது வருபவர்கள் ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறார்கள்.

நம் உறவுமுறை சட்டத்தோடு மோதும் இடம் ஒன்றுண்டு. படிப்புக்காக ஊரிலிருந்து வந்த பிள்ளையைச் “சித்தப்பா வீட்டில்” விட்டிருப்பார்கள். தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரரும் நமக்குச் சித்தப்பாதான். இங்கிலாந்துச் சட்டத்தில் அவர் நெருங்கிய உறவினரல்லர். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை அத்தகைய வீட்டில் 28 நாள்களோ அதற்கு மேலோ தங்கினால், அது தனியார் வளர்ப்பு எனப்பட்டு, கவுன்சிலுக்கு அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பது பிள்ளையைப் பறிகொடுப்பதாகாது. ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார், பிள்ளையோடு பேசுவார். ஐவரி கோஸ்ட்டிலிருந்து நல்ல படிப்புக்கென்று பெற்றோரால் அனுப்பப்பட்டு, தந்தையின் சிற்றன்னை முறையான பெண்ணிடம் இருந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே, 2000 பெப்ரவரியில் 128 காயங்களோடு இலண்டனில் இறந்தாள். அவளை மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் பொலிஸாரும் கண்டிருந்தும் எவரும் காப்பாற்றவில்லை என்று லாமிங் பிரபுவின் விசாரணை 2003இல் அறிக்கையிட்டது.

இத்தகைய மரணங்கள் சமூகப் பணியாளர்கள் செயற்படும் விதத்தையும் மாற்றுகின்றன. 2007இல் இலண்டனின் ஹாரிங்கேயில் பீட்டர் கொனெலி என்ற பதினேழு மாதக் குழந்தை இறந்து, மறு ஆண்டு அது நாளிதழ்களின் முதற்பக்கத்தை நிறைத்தபோது, பராமரிப்பு ஆணைக்கான விண்ணப்பங்கள் நாடெங்கும் திடீரென உயர்ந்தன. பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை 2008இல் அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்து, 2024இல் எண்பத்து மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த அச்சம் ஒரு காரணம். 2010க்குப் பின் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் சிறுவர் நிலையங்களும் குடும்ப உதவித் திட்டங்களும் மூடப்பட்டது மற்றொரு காரணம். தொடக்கத்தில் கிடைத்திருக்க வேண்டிய சிறு உதவி கிடைக்காமல், குடும்பம் உடையும் நிலைக்கு வந்த பிறகே கவுன்சில் வாசலுக்கு வருகிறது. இப்போக்கு மாறாவிட்டால் 2032இல் இந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்தை நெருங்கும் என்று, சிறுவர் சமூக சேவைகளைப் பற்றி ஜொஷ் மக்அலிஸ்டர் தலைமையில் நடந்த மீளாய்வு 2022இல் எச்சரித்தது.

“தமிழ்ப் பிள்ளைகளைக் குறிவைக்கிறார்கள்” என்பதற்கு ஆதாரமில்லை. ஆசியப் பின்னணியுள்ள பிள்ளைகள், மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிடக் குறைவாகவே பராமரிப்பில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கவுன்சிலுக்குப் பணம் கிடைக்கிறது என்பதும் பொய். வளர்ப்புக் குடும்பத்துக்கான கொடுப்பனவு கவுன்சிலின் கையிலிருந்து போகிறது. சிறுவர் இல்லமென்றால் வாரத்துக்குப் பல ஆயிரம் பவுண்கள் போகும். முன்பின் தெரியாத குடும்பத்தில் விடுகிறார்கள் என்ற முறைப்பாட்டில் மட்டும் உண்மை இருக்கிறது. பிள்ளையின் சமயத்தையும் பண்பாட்டையும் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆனால் தமிழ் பேசும் வளர்ப்புக் குடும்பங்கள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளை தமிழ் வீட்டுக்குப் போகவில்லையே என்று வருந்துகிறவர்களில் எத்தனை பேர் வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று நான் கேட்டால், பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடும்.

அயலார் வீட்டுக்குப் போவதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அதைத்தான் நம்மவர் அதிகம் தவறவிடுகிறார்கள். பிள்ளையைப் பெற்றோரிடம் வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தால், கவுன்சில் உறவினரையும் நெருங்கிய நண்பர்களையும் முதலில் பார்க்க வேண்டும். அம்மம்மா, பெரியம்மா, மாமா என்று எவராவது மதிப்பீட்டில் தேறினால் பிள்ளை அங்கே போகலாம், சிறப்புக் காப்பாளர் ஆணையின் மூலம் பதினெட்டு வயது வரை அங்கேயே இருக்கலாம். ஆனால் முதற்கூட்டத்தில் “உறவினர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்கும்போது, வீட்டு விடயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து, ஒரே நகரில் மூன்று சகோதரர்கள் இருக்கும் தாய்கூட “ஒருவரும் இல்லை” என்று சொல்வார்; நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வழக்கை 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கு. இருபதாவது வாரத்தில் செய்தி தெரிந்து ஓடிவரும் தாய்மாமனை மதிப்பிட நேரம் போதாமல் போகக்கூடும். பிள்ளை அதற்குள் வளர்ப்பு வீட்டில் பழகியிருக்கும். ஆகவே கவுன்சிலிடமிருந்து நீதிமன்றத்துக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்றே இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, குடும்பச் சட்ட வழக்கறிஞரிடம் போவது. அந்தக் கடிதத்தோடு போகும் பெற்றோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. மற்றது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய உறவினர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி, அவர்களிடமும் விடயத்தைச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைச் சமூகப் பணியாளரின் கையில் கொடுப்பது.